மூவாயிரம் பள்ளிகளில் ஒரு பணிநீக்கம்

2003ஆம் ஆண்டு 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் போய், ஆசிரியர் பள்ளியில் இருக்கிறாரா என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலாளர்களின் ஆய்வு அது. அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் ஒருவர் அன்று பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 15 விழுக்காடு, தமிழ்நாட்டில் 21, ஜார்கண்டில் 42. இந்த எண்கள் பலமுறை பேசப்பட்டுவிட்டன. அதே ஆய்வில் உள்ள இன்னொரு எண் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களிடம், தொடர்ந்து வராமல் இருந்ததற்காக ஆசிரியர் யாராவது வேலையை இழந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு என்று சொன்னவர் ஒரே ஒருவர். அதே 2003ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு சில நாட்களுக்குள் டிஸ்மிஸ் செய்தது. ஒருவரை நீக்க முடியாத ஏற்பாடு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் நீக்கியது எப்படி? அரசுப் பள்ளி ஆசிரியரை நீக்கவோ பதவியிறக்கவோ சட்டம் எதைக் காரணமாக ஏற்கிறது என்ற ஆராய்ச்சியை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனென்றால் இரண்டு நிகழ்வுகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் வாதம். தனியொரு ஆசிரியரின் வேலையைப் பார்த்து, எழுதி, மெய்ப்பிக்கும் பழக்கம் நம் கல்வித் துறையில் வளரவேயில்லை. அது இல்லாத இடத்தில் ஒன்று யாரும் நீக்கப்படுவதில்லை. இல்லாவிட்டால் மொத்தமாக நீக்கப்படுகிறார்கள்.

பழியை அரசியலமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவின்மேல் போடுவதே வழக்கம். அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் ஆண்டவனாலும் அசைக்க முடியாது என்று டீக்கடையிலும் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் சொல்கிறார்கள். அந்தப் பிரிவைப் படித்துப் பார்த்தால் அது கேட்பது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. 310ஆவது பிரிவின்படி அரசு ஊழியர் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ விரும்பும் வரைதான் பதவியில் இருக்கிறார்; அது பிரிட்டிஷ் மன்னராட்சி விட்டுப்போன கோட்பாடு. 311 அதற்கு இரண்டு வேலிகளை மட்டும் போடுகிறது. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் நீக்கக் கூடாது என்பது ஒன்று. குற்றச்சாட்டு இன்னது என்று சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து விசாரிக்காமல் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்பது மற்றொன்று. முன்பு விசாரணை முடிந்தபின் தண்டனையின் அளவைப் பற்றியும் ஊழியரிடம் இரண்டாம் முறை கேட்கவேண்டியிருந்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கும், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று எழுத்தில் காரணம் காட்டக்கூடிய நேர்விலும், நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த நேர்விலும் விசாரணையே வேண்டாம். இந்த விதிவிலக்குகளை 1985இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எந்தக் காரணத்துக்காக நீக்கலாம், எதற்காகக் கூடாது என்று 311 ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.

காரணங்களின் பட்டியல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 நேர்மையையும் கடமையில் ஈடுபாட்டையும் பொதுவாகக் கேட்கின்றன. இரண்டாம் திருமணம், வரதட்சணை, கட்சி அரசியல் என்று குறிப்பாகச் சிலவற்றைத் தடுக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆசிரியருக்கென்றே சிலவற்றைச் சேர்த்தது. 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்துன்பம் தருவதையும் தடுக்கிறது. 24ஆவது பிரிவு நேரத்துக்கு வருவதையும் பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிப்பதையும் கடமையாக்குகிறது. 28ஆவது பிரிவு தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. அந்தப் பணி விதிகளைத்தான் ஆசிரியர் அறைகளில் எண்களாலேயே பேசுகிறார்கள்: சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ), சஸ்பெண்டுக்கு 17(உ). கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்றவை முதல் வகையில் முடிந்துவிடும். பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், டிஸ்மிஸ் எல்லாம் இரண்டாவது வகை. பணிநீக்கத்துக்கும் டிஸ்மிஸுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் வேலை போகும். பின்னதில் இனி எந்த அரசு வேலைக்கும் வழி அடைபடும்.

பதவியிறக்கத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1988இல் நியாதர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பதவிக்கு நேரடியாகத் தேர்வானவரை அவர் ஒருநாளும் வகிக்காத கீழ்ப்பதவிக்குத் தள்ள முடியாது என்றது. ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தும் இரண்டு பட்டதாரி ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இடைநிலை ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் வந்தவர், இன்னொருவர் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் மூலம் நேரே வந்தவர். இருவரும் ஒரே தவற்றைச் செய்தாலும் முதலாமவரை இடைநிலைக்கு இறக்கலாம், இரண்டாமவரை இறக்க இடமில்லை. ஆக, ஏணியில் ஏறியவரைத்தான் இறக்க முடியும். தீர்ப்பின் தர்க்கம் சரியானதுதான். பதவிக்குரிய தகுதி வேறு, அதில் செய்த தவறு வேறு. ஆனாலும் கல்வித் துறையைப் பொறுத்தவரை பதவியிறக்கம் பெரும்பாலும் தலைமையாசிரியர்களுக்கும் பதவி உயர்வு பெற்றவர்களுக்கும் மட்டுமே உரிய தண்டனையாகிவிடுகிறது. தண்டனை என்று பெயரிடாமல் ஒருவரை இறக்கினால்? 1957இன் பர்ஷோத்தம் லால் திங்க்ரா தீர்ப்பு அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதவியில் ஊழியருக்கு உரிமை இருந்ததா, அல்லது இறக்கியதால் சம்பளத்திலோ பணிமூப்பிலோ தீய விளைவு ஏற்பட்டதா என்று பார்க்கவேண்டும். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் ஆணை எந்தப் பெயரில் வந்தாலும் அது தண்டனைதான். 311 வந்து நிற்கும்.

இவ்வளவுதான் வேலி. அப்படியானால் நீக்கல் ஆணைகள் ஏன் நீதிமன்றத்தில் கவிழ்கின்றன? 17(ஆ) மெமோ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அதற்கு நான்கு இணைப்புகள்: குற்றச்சாட்டு, அதற்கு அடிப்படையான செயல்களின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். “பணியில் ஈடுபாடின்றியும் மேலலுவலர்களின் அறிவுரைகளை மதியாமலும் நடந்துகொண்டார்” என்று முதல் இணைப்பில் இருக்கும். எந்த நாள், எந்த வகுப்பு, எந்த அறிவுரை என்று இரண்டாவது இணைப்பு சொல்லவேண்டும். பலநேரம் அது முதல் இணைப்பையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும். நான்காவதில் சாட்சி ஒரே ஒருவர், புகார் எழுதிய அதிகாரி. புகார்க் கடிதமோ காவல்துறை அறிக்கையோ கோப்பில் இருப்பது மட்டும் போதாது, அதைச் சாட்சி மூலம் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2008இல் ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை அலுவலரின் அறிக்கையைக் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கொடுத்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் சொன்னது. ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும் வேலைதான் இது. காலதாமதமும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவர் மீது பத்தாண்டுப் பழைய விவகாரத்தைக் கிளறித் தரப்பட்ட குற்றச்சாட்டு மெமோவை 2005இல் மகாதேவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் ஆசிரியர் இல்லை. ஆனால் அந்தத் தாமதத்தின் சாயல் கல்வித் துறைக் கோப்புகளுக்கு அந்நியமானதில்லை.

குற்றவாளி தொழில்நுட்பக் காரணம் காட்டித் தப்புகிறான், நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கிறது என்று ஒரு மறுப்பு எழும். பாதி உண்மை. கருணாகர் தீர்ப்பையே முழுதும் படித்தால், அறிக்கை தரவில்லை என்பதற்காக மட்டும் ஆணை தானாகச் செத்துவிடாது; தராததால் ஊழியருக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கவேண்டும்; பாதிப்பு இருந்தாலும் விட்ட இடத்திலிருந்து விசாரணையைத் தொடரலாம் என்றிருக்கிறது. பி.சி.சதுர்வேதி வழக்கில் (1995) நீதிமன்றம் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டது. சாட்சியத்தை மீண்டும் எடைபோடமாட்டோம். மனசாட்சியை உலுக்கும் அளவுக்குத் தண்டனை பொருத்தமற்றதாக இருந்தால்தான் தலையிடுவோம் என்றது. விசாரணை அறைக்குள் குற்றவியல் வழக்கின் ஐயமற்ற மெய்ப்பு தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவில் சாட்சியம் இருந்தால் போதும். இதைவிட எளிய மெய்ப்புச் சுமையைச் சட்டம் எப்படிக் கொடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கு வராமை என்ற எளிய குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். பீகார் பணி விதி ஒன்று, ஐந்து ஆண்டு தொடர்ந்து வராதவர் தானாகவே வேலையை இழப்பார் என்றது. அந்த விதியால் வேலையிழந்த கல்வித் துறை அலுவலர் தேவகிநந்தன் பிரசாதின் வழக்கில், 1971இல், அதுவும் நீக்கமே, விசாரணை வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2012இல் பர்மார் வழக்கில், வராமை வேண்டுமென்றே நடந்ததா என்று பார்த்தாக வேண்டும் என்றது. நோயால் வராதவரையும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு தொழில் செய்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். இந்தப் பிரிவினை வெறும் சலுகை இல்லை. 2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களின் 619 பள்ளிகளில் பார்த்தபோது, பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 விழுக்காடு; ஆனால் விடுப்போ அலுவல் பணியோ ஏதுமின்றி வராதவர்கள் 2.5 விழுக்காடுதான். மற்றவர்கள் பயிற்சியிலோ துறை அனுப்பிய வேறு வேலையிலோ விடுப்பிலோ இருந்தார்கள். அந்த 2.5 விழுக்காட்டைக் கண்டுபிடிக்க வழக்கறிஞர் தேவையில்லை. வருகைப் பதிவேட்டில் காலியாக இருக்கும் கட்டத்தைத் தலைமையாசிரியர் அன்றே சிவப்பு மையில் அடைத்திருந்தால் போதும். அது மறுநாள் காலை கையெழுத்தால் நிரம்பும்போதே வழக்கு முடிந்துவிடுகிறது. ஏன் அடைப்பதில்லை என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. ஒரே பள்ளியில் நாள்தோறும் முகம் பார்க்கும் சகாக்கள், சங்கம், உள்ளூர் அரசியல் ஆகியவற்றுக்கு நடுவே அந்தப் பேனாவை எடுப்பது தலைமையாசிரியருக்கு எளிதில்லை. எடுத்தால் மேலே ஆதரவு வரும் என்ற நிச்சயமும் இல்லை.

வலுவான எதிர்வாதம் குழந்தைகளின் பாதுகாப்பிலிருந்து வருகிறது. பாலியல் குற்றம் செய்த ஆசிரியருக்கும் நான்கு இணைப்பு மெமோ கொடுத்துக் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 17(உ)வின்கீழ் அன்றே சஸ்பெண்ட் செய்யலாம். போக்சோ சட்டம், 2012 கல்வி நிலையப் பணியாளர் செய்யும் குற்றத்தைக் கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது. தெரிந்தும் புகார் தராதவரையும் தண்டிக்கிறது. 2012 மே மாத அரசாணை 121, இத்தகைய ஆசிரியருக்குக் கட்டாய ஓய்வு, பணிநீக்கம், டிஸ்மிஸ் ஆகிய தண்டனைகளோடு கல்விச் சான்றிதழ் ரத்தையும் விதித்தது. நவோதயா ஆசிரியர் அவினாஷ் நாக்ராவின் வழக்கில், 1996இல், சிறுமியைக் குறுக்கு விசாரணைக்கு நிறுத்தும் முழு விசாரணை தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கேயும் கவனிக்கவேண்டியது, முதற்கட்ட விசாரணை நடந்திருந்தது. மாணவியரின் வாக்குமூலங்கள் எழுத்தில் இருந்தன. நீக்கிய அதிகாரி காரணங்களைப் பதிவு செய்திருந்தார். விரைவான பாதைகூட எழுத்தின் மேல்தான் போகிறது. சஸ்பெண்டை மட்டும் தண்டனையாக வைத்துக்கொண்டு, ஊதியத்தில் பாதியைப் பிழைப்பூதியமாகக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவதைத்தான் 2015இல் அஜய்குமார் சவுத்ரி தீர்ப்பு கண்டித்தது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு மெமோ தரவில்லையென்றால் சஸ்பெண்டை நீட்டிக்கக் கூடாது என்றது அது. குற்றமற்றவருக்கு அது அநியாயம், குற்றவாளிக்கு அது வேலை பார்க்காத சம்பளம்.

இனி எல்லாரும் மனத்தில் வைத்திருந்து வெளியே கேட்காத கேள்வி. நாள்தோறும் வருகிறார், அடிப்பதில்லை, காசு வாங்குவதில்லை, ஆனால் பாடம் நடத்தத் தெரியவில்லை. இவரை நீக்க முடியுமா? மேலே சொன்ன பட்டியல் முழுவதும் நடத்தையைப் பற்றியது. கற்பித்தலின் தரத்தைப் பற்றி அதில் ஏதுமில்லை. 1979இல் ஜே.அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கோடு போட்டது. 1960இன் அசாம் மொழிக் கலவரத்தின்போது நவ்காவ் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்தவர் அவர். திறமைக் குறைவு, தலைமைப் பண்பின்மை, முன்யோசனையின்மை ஆகியவை தம்மளவில் தவறான நடத்தை ஆகாது. அலட்சியத்தின் விளைவு மிகக் கடுமையானதாக இருந்தால் வேறு என்பது தீர்ப்பு. ஆகவே மோசமாகக் கற்பிக்கும் ஆசிரியரைப் பிடிக்க நம் விதிகளில் வலை இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வருவதெல்லாம் அந்தக் குறையை மறைக்கும் சடங்கு. எட்டாம் வகுப்பு வரை எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையின் தோல்விக்குக் கடைசி ஆண்டு ஆசிரியர் எப்படித் தனியே பொறுப்பாவார் என்று எந்த விசாரணை அலுவலராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் திறமைக் குறைவையும் நீக்கக் காரணமாக்கிவிடலாமே என்பார்கள். கலிபோர்னியாவில் ஆக்கியிருக்கிறார்கள். அந்த மாநிலக் கல்விச் சட்டத்தின் 44932ஆவது பிரிவு ஒழுக்கக்கேடு, நேர்மையின்மை முதலியவற்றோடு திருப்தியற்ற பணியையும் காரணமாகச் சேர்க்கிறது. ஆனால் 44938ஆவது பிரிவு, எங்கே எப்படிக் குறைபாடு என்று எடுத்துக்காட்டுகளோடு எழுதிக்கொடுத்து, திருத்திக்கொள்ள 90 நாள் விட்ட பிறகே நடவடிக்கை என்கிறது. இது ஆசிரியருக்கு அளவுக்கு மீறிய காப்பு என்று ஒன்பது மாணவர்களின் பெயரில் வெர்காரா வழக்குப் போட்டார்கள். 2014இல் விசாரணை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மோசமான ஆசிரியர்கள் குவிவது அந்தச் சட்டத்தால் நேர்ந்தது என்று காட்டப்படவில்லை, நிர்வாகத்தின் முடிவுகளாலும் நேர்ந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. நமக்கு இதில் பயன்படுவது அந்த 90 நாள். காரணத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தாலும் வகுப்பறைக்குள் ஒருவர் போய் உட்கார்ந்து பார்த்து எழுதாமல் அது நகராது. அந்தக் குறிப்பை நம் சங்கங்கள் பழிவாங்கும் கருவியாகப் பார்க்கும். அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. தலைமையாசிரியரின் மனக்கசப்பு குறிப்பேட்டில் தரமதிப்பீடாக இறங்கிவிடும் என்பது கற்பனையில்லை. அதனால்தான் அந்தக் குறிப்பு ஆசிரியரின் பதிலோடு சேர்த்து வைக்கப்பட வேண்டியது. பார்த்து எழுதாமல் விடுவதால் ஆசிரியருக்குப் பாதுகாப்புக் கூடுவதில்லை என்பதைக் கடந்த இருபது ஆண்டுகள் காட்டுகின்றன.

2003ஐ மறுபடி பாருங்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் 2002இல் வந்தது. அடுத்த ஆண்டு அவசரச் சட்டத்தால் அதைத் திருத்தி, விசாரணையின்றி நீக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் செய்தார் என்ற ஒரே வரி 1.7 லட்சம் பேருக்கும் பொருந்தியது. யார் வகுப்பில் எப்படிப்பட்டவர் என்று பார்க்கத் தேவையில்லாததால்தான் அது முடிந்தது. டி.கே.ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அடிப்படை உரிமையாகவும் இல்லை, சட்ட உரிமையாகவும் இல்லை என்றது. ஆனால் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்த பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். நல்லாசிரியரும் வராத ஆசிரியரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பினார்கள். 50 வயதையோ 30 ஆண்டுப் பணியையோ கடந்தவரைப் பொதுநலன் கருதி ஓய்வுக்கு அனுப்பும் அடிப்படை விதி 56(2)இன் கதையும் ஏறத்தாழ இதுவே. அது தண்டனையில்லை, விசாரணை தேவையில்லை என்று நீதிமன்றங்கள் ஏற்கின்றன. பட்டுப்போன மரத்தை வெட்டுவதற்கான விதி என்பார்கள். மரம் பட்டிருக்கிறதா என்று காட்ட வேண்டியது பணிப்பதிவேடு; அதில் பெரும்பாலும் ஊதிய உயர்வும் விடுப்புக் கணக்கும்தான் இருக்கும்.

2025 செப்டம்பர் 1 அன்று அஞ்சுமன் இஷாத்-இ-தலீம் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த வரிசையில் கடைசி. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்து, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவேண்டும். தேறாதவர்கள் பணியிலிருந்து விலகவேண்டும் அல்லது கட்டாய ஓய்வில் அனுப்பப்படுவார்கள். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்கத் தேறியாக வேண்டும். சட்டத்தின் 23ஆவது பிரிவையும், 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியான தேசிய ஆசிரியர் கல்விக் கழக அறிவிக்கையையும் வைத்துப் பார்த்தால் தீர்ப்புக்குச் சட்ட அடிப்படை உண்டு. குறைந்தபட்சத் தகுதி குழந்தையின் உரிமையோடு சேர்ந்தது என்ற வாதத்தை லேசில் தள்ள முடியாது. ஆனாலும் திறமைக் குறைவு தவறான நடத்தை ஆகாது என்று 1979இல் மூடிய கதவு, இங்கே குறைந்தபட்சத் தகுதி என்ற பெயரில் வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது. குற்றச்சாட்டு இல்லை, மெமோ இல்லை, விசாரணை அலுவலர் இல்லை. 150 மதிப்பெண்ணுக்கு ஒரு வினாத்தாள். இருபது ஆண்டு இரண்டாம் வகுப்புக்கு எழுத்தறிவித்த ஒருவர் அதில் தேறாமல் வெளியே போகலாம், பள்ளிப் பக்கமே அதிகம் வராத ஒருவர் நன்றாகப் படித்துத் தேறிவிடலாம். இருவரின் பணிப்பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவர் எவரென்று சொல்ல ஒரு வரிகூட இருக்காது.